இடது கட்டைவிரல் ரேகை

உக்கடம், கோவை
12.8.1996

அன்புள்ள மெர்சிக்கு,

நீயும் குழந்தையும் சுகந்தானே? வால்பாறையில் மழை விட்டதா?

போன மாதம் மில்லில் பஞ்சு சீவும் கார்டிங் மிஷினில் சிக்கி என் இடது கட்டைவிரல் போய்விட்டது. பயப்படாதே, காயம் ஆறிவிட்டது.

நேற்று மில் ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். 'கருணைத் தொகை பெற்றுக்கொண்டேன், இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று டைப் அடித்திருந்தது. எஸ்டேட்டிலிருந்து வந்தவன் கைநாட்டுதான் என்று அவர்களே முடிவு செய்து, கீழே 'இடது கட்டைவிரல் ரேகை' என்று கட்டமும் போட்டிருந்தார்கள்.

"வெரல இங்க வெச்சுப்போடுங்க தாவீது" என்று கிளார்க் மைப்பெட்டியைத் தள்ளினார்.

"அது உங்க மிஷினுக்குள்ள போயிருச்சுங்க. தேடி எடுத்துக் குடுங்க, வெச்சுப்போடறனுங்க" என்றேன்.

கட்டைவிரலுக்கென்று சட்டத்தில் தனி வரியே இருக்கிறதாம். வயதையும் சம்பளத்தையும் பார்த்து நஷ்டஈடு கணக்கிடுவார்கள் என்று சங்கத்தில் படித்துக் காட்டினார்கள். விரலைக் கொடுத்தவனுக்கு எதற்குக் கருணை? லேபர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டேன்.

தலைவழியாக மாட்டும் பனியன் இரண்டு அனுப்பு. சட்டைக்குப் பட்டன் போட்டுவிட இங்கே யாருமில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மனுவில் போட்ட கையெழுத்தையே கீழேயும் போடுகிறேன். கல்யாணமான புதிதில் எழுதப் படிக்கக் கற்றுத் தந்தபோது நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

ம. தாவீது