மன்னிப்பு என்று எழுதாத மனு

அக்கா,

போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தபோது பாடத்தில் உள்ளதைத் தவிர உங்கள் எதிரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாயால் கேட்க வராதது எனக்கு எழுத்தில்தான் வரும். அது உங்களுக்குத் தெரியும் என்பதால்தானே அன்றைக்கு என்னைத் தேடி வந்தீர்கள்.

இன்று சாயங்காலம் உங்கள் மகள் வந்தாள். தக்காளி பறித்த கையோடு நேராக வந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் இலைக்கறை. அவள் வாசலில் நின்றபோதே அந்தச் செடியின் காரமான பச்சை வாசனை உள்ளே வந்துவிட்டது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் உங்கள் கையை விட்டுப் போகாமல் இருந்த அதே வாசனை. அவள் ஒரு கார்டை நீட்டினாள். சேலம் ஜெயிலிலிருந்து உங்கள் தம்பி எழுதியது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் என்னைத் தேடி வந்தபோது நான் தருமபுரி காலேஜில் இரண்டாம் வருஷம். கிணற்றில் மோட்டார் ஓட்டும் முறைக்காக வந்த சண்டையில் உங்கள் தம்பி உங்கள் கணவரை வெட்டிச் சாய்த்து, தடுக்க ஓடிவந்த மாமனாரும் பிழைக்காமல் போய், வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லாக் கோர்ட்டும் தூக்கு என்று சொல்லிவிட்டன. கவர்னரிடம் கேட்டதும் நடக்கவில்லை. எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"ஏங்கண்ணு, நீ ஜனாதிபதி பத்தித்தான படிக்கிற?"

"அதுவும் ஒரு பாடமுங்க அக்கா."

"அவுருக்கு ஒரு மனு எழுதோணும். தம்பிய தூக்குல போட வேணாம்னு."

வெட்டியவன் உங்கள் தம்பி. வெட்டுப்பட்டவர் உங்கள் புருஷன். நான் கேட்காத கேள்விக்கு நீங்களே பதில் சொன்னீர்கள்.

"ரெண்டு பொணத்த எடுத்தாச்சு. மூணாவதா ஒண்ணு எடுக்க எனக்குத் தெம்பில்ல. அவ்ளோதான்."

பாடப் புத்தகத்தை எடுத்து வந்து, குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் என்ற பக்கத்தை உங்களுக்குப் படித்துக் காட்டினேன். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பக்கம் அது. மன்னிப்பு அளிக்கலாம், தண்டனையைத் தள்ளிவைக்கலாம், குறைக்கலாம், வேறு தண்டனையாக மாற்றலாம். நான் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற வரி. நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"இரு. இதெல்லாம் வேற வேறயா?"

"ஆமாங்க அக்கா. மன்னிச்சா குத்தமே இல்லன்னு ஆயிரும். மாத்துனா தூக்கு போயி ஆயுள் ஆகும். குத்தம் குத்தந்தான்."

"அப்ப மன்னிப்புன்னு எழுதாத. மாத்தச் சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மன்னிக்கிறது அவுரு வேலயில்ல. அது என் வூட்டுக் கணக்கு. நானே இன்னும் முடிவு பண்ணல," என்றீர்கள்.

அந்த வரிக்கு நான் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். எங்கள் வாசற்படியில் நீங்கள் கேட்டபோதுதான் அந்த நாலு சொல்லும் ஏன் தனித்தனியாக நிற்கின்றன என்று எனக்குப் புரிந்தது.

மனுவை உங்கள் வீட்டில் வைத்து எழுதினோம். கவிழ்த்த தக்காளிக் கூடையின் மேல் அட்டை, அட்டை மேல் தாள். உங்கள் மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் குடத்தை நங்கென்று வைத்தார்.

"எம் புருசனும் எம் புள்ளயும் செத்த வூட்ல உக்காந்து, வெட்டுனவன் உசுரக் கேக்குறியாடி? நல்லா எழுது. எம் பேரும் சேத்து எழுது, கெழவி சோறு தின்னுட்டு நல்லா இருக்கான்னு."

நீங்கள் தலை நிமிரவில்லை. கையெழுத்துப் போட்டபோது பெருவிரல் பட்டு, பேருக்குப் பக்கத்தில் பச்சைக் கறை விழுந்துவிட்டது. வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும். அவுருக்கும் தெரியட்டும், தக்காளிக் காட்ல இருந்து வந்த கைன்னு," என்றீர்கள்.

மனுவைத் தபாலில் சேர்த்த பிறகுதான் உங்களுக்குக் கேள்விகள் வந்தன. களை எடுக்கும்போதும் தண்ணீர் எடுக்கும்போதும் என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். அவரே முடிவு செய்வாரா? இல்லை, மந்திரிகள் சொல்கிறபடிதான் என்றேன். உங்கள் முகம் சுருங்கிவிட்டது. உங்கள் மாதா கோயிலில் பெரிய வெள்ளியன்று வாசிக்கும் பிலாத்துவின் கதையை அன்றுதான் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். ஒருவரை விடுதலை செய்யும் அதிகாரம் கையில் இருந்தும், கூட்டம் கத்தியதும் தண்ணீர் வாங்கிக் கையைக் கழுவிக்கொண்ட அதிகாரி.

"இவுரும் அப்படித்தானா? மந்திரி சொன்னா கை கழுவிக்கிறதா?"

"முழுசா அப்படி இல்லீங்க அக்கா. அவருக்கு மனசு ஒப்பலைன்னா ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். மறுபடி யோசிங்கன்னு சொல்லலாம். மறுபடியும் அவங்க அதையே சொன்னா, அப்ப கட்டுப்படணும்."

நீங்கள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"ஒரு தடவ. அது போதும் கண்ணு. அன்னைக்கி மோட்டார் கொட்டாயில எந்தம்பிகிட்ட ஒருத்தன், ஒரே ஒருத்தன், மறுபடி யோசிடான்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரும் இன்னிக்கி இருப்பாங்க."

அந்த வருஷம் ஜனாதிபதி மாறும் வருஷம் என்று ரேடியோவில் கேட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். மனு பழையவர் பேருக்குப் போயிருக்கிறதே, செல்லாமல் போய்விடுமா என்று பயம். புதியவரை நம் எம்.எல்.ஏ.வும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார் என்று நான் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு பாலக்கோட்டுக்கு பஸ் ஏறிவிட்டீர்கள். படித்த பிள்ளை பேசும் என்று கூட்டிப் போனீர்கள். படித்த பிள்ளை தூணுக்குப் பின்னால் நின்றது. நீங்கள்தான் பேசினீர்கள்.

எம்.எல்.ஏ. பொறுமையாகக் கேட்டார். "ஏம்மா, நான் ஓட்டுப் போடுறேன், வாஸ்தவம். நான் போட்டன்னு அவருக்கு என்ன தெரியும்? எம் பேரே அவருக்குத் தெரியாதும்மா. நான் சொல்லி அவரு கேப்பாரா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் கொஞ்சமும் கூசவில்லை.

"தெரியலன்னா நல்லதுங்க. எங்க ஊரு, எங்க சாதி, எங்க கெணறு, ஒண்ணும் தெரியாத ஒருத்தர் படிச்சுப் பாக்கட்டுமுங்க. தெரிஞ்சவங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கம் நின்னுட்டாங்க."

சிரிப்பு நின்றது. அவர் டீ சொன்னார். எனக்கும் சேர்த்து.

புதியவர் பதவி ஏற்றதைப் பஞ்சாயத்து ஆபீஸ் டி.வி.யில் பார்த்தோம். இந்தியில் என்னவோ சொன்னார்கள். உறுதிமொழி முடிந்ததும் பழையவரும் புதியவரும் எழுந்து நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள். நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். "நாக்காலி அப்படியேதான் இருக்குது. ஆளுதான் மாறுனாங்க. நம்ம மனு நாக்காலிக்கிட்டதான் இருக்குது," என்றீர்கள். நான் அரைமணி நேரம் விளக்கத் தயாராக வந்திருந்தேன். அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு காத்திருப்பு. பதில் சொல்லக் கெடு எதுவும் சட்டத்தில் இல்லை என்றும், பதில் வரும்வரை தூக்கில் போடமாட்டார்கள் என்றும் சொன்னேன். "அப்ப பதிலே வராம இருக்கட்டும்," என்று சிரித்தீர்கள். தபால்காரர் சைக்கிள் தெருவைக் கடந்து போகும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு நல்ல நாளாக இருந்தது.

போன வருஷம் மஞ்சள் காமாலை என்று தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திடீரென்று சொன்னீர்கள்.

"அவன் உசுரோட இருக்கட்டும். ஆனா எம் பொண்ண அவன் முன்னாடி கொண்டுபோயி நிறுத்தாத. நானே போயிப் பாக்கல. அவளும் பாக்க வேணாம்."

சரிங்க அக்கா என்றேன். அந்த வாரமே நீங்கள் போய்விட்டீர்கள்.

கல்லறைத் திருநாளுக்கு உங்கள் கல்லறையில் உங்கள் மகளோடு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த மறுவாரம் பதில் வந்தது. தூக்கு, ஆயுளாக மாற்றப்பட்டது. சின்னத் தாள், நாலைந்து வரி. மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நீங்கள் கேட்டது எதுவோ அதுவே வந்திருந்தது. மந்திரிகள் நல்லபடியாகச் சொன்னார்களா, அவர் ஒரு தடவை திருப்பி அனுப்பினாரா, நமக்குத் தெரியவே போவதில்லை. அனுப்பியிருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனார். இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தார்.

இனி அந்தக் கார்டு. உங்கள் தம்பி நான்கே வரி எழுதியிருக்கிறான். பாப்பா எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும், அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் வேண்டாம் என்று.

உங்கள் மகள் என் முன்னால் நின்று நகத்தில் இருந்த கறையைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "நான் போகோணுங்க அக்கா. மாமான்னு கூப்பிட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்."

"என்னன்னு?"

"ஏன்னு."

உங்கள் மாமியாரிடமும் கேட்டேன். "நான் வரமாட்டேன். அவ போறதுன்னா போகட்டும். தொப்பூர் மேட்ல பஸ்ஸு வளையும்போது அவளுக்குத் தல சுத்தும், எலுமிச்சம்பழம் குடுத்து உடு," என்றார். எனக்கு அது அனுமதியாகத்தான் கேட்டது.

பார்க்கப் போகும் நாள் வருகிற ஞாயிறு. உங்களிடம் சரி என்று சொன்னவள் நான். அந்தச் சொல்லை உங்களுக்குத் தெரியாமல் மீற எனக்கு மனம் வரவில்லை. வெட்டிய அன்றைக்கு யாருமே செய்யாத ஒன்றை, நீங்கள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுப் போதும் என்று சொன்ன ஒன்றை, இப்போது நான் செய்யப் பார்க்கிறேன். உங்கள் தீர்ப்பை நான் தள்ளவில்லை. ஒரே ஒரு தடவை திருப்பி அனுப்புகிறேன்.

மறுபடி யோசியுங்கள் அக்கா. அப்போதும் வேண்டாம் என்றால், எப்படியாவது எனக்குத் தெரியச் செய்யுங்கள், கட்டுப்படுகிறேன். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.