கீழ்ப் பல் செட்

12, திங்கள்

காலையிலிருந்து மழை. பஸ் தாமதம். ஐ.சி.யூ.வில் என் வீட்டுக்காரருக்கு நாலாவது நாள், மூச்சு மெஷினில். காய்ச்சல் 38.6. நிமோனியாவாம்.

நர்ஸ் மிஸி சொன்ன காரணங்கள், மறக்காமலிருக்க:
– வயசு 74
– ஐம்பது வருஷச் சிகரெட் (விட்டுவிட்டதாக என்னிடம் பொய்)
– ஸ்ட்ரோக். விழுங்க முடியாது
– வாய் அழுக்கு குழாயோரமாக நெஞ்சுக்குள் இறங்கும்
– பல் செட்டோடு தூங்குவது

கடைசியானது உண்மை. செட் போட்டு ஒன்பது வருஷம். என் முன்னால் ஒருநாளும் கழற்றியதில்லை.

வெள்ளிக்கிழமை மேல் செட்டை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கீழ் செட் எங்கே என்று டாக்டர் கேட்கிறார். நெஞ்சுக்குள் போயிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாதாம். கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டும். இந்த நிலைமையில் அதுவே ஆபத்து. புதன் வரை பொறுப்பார்கள். "வீட்டுல நல்லா தேடிப் பாருங்கம்மா," மிஸி.

13, செவ்வாய்

தேடிய இடம்: தலையணை உறை, சட்டைப் பை, குளியலறை, சாமி மேடை, குப்பை. இல்லை.

எங்கே இருக்கும் என்று நேற்றே தெரியும். எழுதக் கை வரவில்லை. கோப்பெங் டவுன், சரோஜாவின் சாப்பாட்டுக் கடை. வெள்ளிக்கிழமை அங்கே சாப்பிட்டுவிட்டு வந்துதான் வாசலில் விழுந்தார். ரப்பர் தோட்டத்தில் அவருக்கு அடுத்த நிரையில் பால் வெட்டியவள். தோட்டம் கைமாறி இருபது வருஷம். இன்னும் வாரத்தில் மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் போய் அவள் கையால் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு. என் சமையலுக்கு என்ன குறைச்சல்? கேட்டால், "சும்மா பேசிட்டு வாரேன்லா." என்னிடம் பேசுவது சோறு போடு, ஃபேனைப் போடு, அவ்வளவுதான்.

போனை எடுத்தேன், வைத்தேன். மூன்று தடவை. அவளிடம் கேட்பதற்குக் கேமராவே விடட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பாவி நான்.

மாலை 6. கேட்டுவிட்டேன்.

"இங்கதான் இருக்குக்கா. கிளாஸ்ல போட்டு தினம் தண்ணி மாத்துறேன். நீங்க என்ன நெனப்பீங்களோன்னு பயந்துதான் கொண்டு வரல."

ஈறைக் கடிக்கிறதென்று கீழ் செட்டை அங்கே கழற்றி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாராம். மூன்று மாதமாகத் தண்ணீர் குடித்தாலே புரையேறுமாம். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஏன் கழற்றுவதில்லை என்று அவளிடமே கேட்கும்படி ஆயிற்று.

"உங்க முன்னாடி பொக்க வாயா இருக்க அவருக்கு வெக்கம்க்கா."

என்னிடம் வெட்கம். அவளிடம் இல்லை. இதில் எவள் பெரியவள்?

14, புதன்

வெயில். துணி காயப் போட்டுவிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சரோஜா நின்றாள். டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்தாள். பளிச்சென்று தேய்த்திருந்தாள். என்னைவிட நரை அதிகம், அது ஒன்றுதான் ஆறுதல்.

கேமரா வேண்டாம் என்றார் டாக்டர். முருகா. காய்ச்சல் 38.1. புரையேறியதையும் சொன்னேன், நானே கவனித்த மாதிரி. முதலிலேயே தெரிந்திருந்தால் நல்லது என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தால் இன்னும் அங்கேயே நிற்கிறாள். அவரைப் பார்க்கலாமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். வாய் திறக்காமல் நிற்கிறவளை என்ன செய்வது? நாளை நாலரைக்கு, நோயாளியைப் பார்க்க விடும் நேரத்துக்கு, வரச் சொன்னேன். நான் வருவதற்கு முன்னால் உள்ளே போகக் கூடாது என்றும் சொன்னேன்.