நான்காவது தாழ்

நாள் 141. காலை 07:20
பதிவு: செண்பகவல்லி, தசை உயிரியல். நிலவின் தென்முனை, நிலத்தடி நிலையம்.

ஒன்பது கதவுகளின் தசைகளுக்கும் காலை உணவு ஏற்றியாயிற்று. சர்க்கரையும் உப்புகளும் ஆக்சிஜனும் கலந்த திரவம், உடம்புச் சூட்டில். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய மின்துடிப்பு கொடுத்துப் பார்த்தேன். எட்டு நன்றாகச் சுருங்கி விரிந்தன. ஏழாம் கதவு கொஞ்சம் சோம்பல். நாளை பார்க்க வேண்டும்.

முதன்முறையாக இதைப் படிப்பவருக்காக: இங்கே மோட்டார் கதவுகள் கிடையாது. நிலவுத் தூசி கண்ணாடித் துகள் போன்றது. எந்தப் பல்சக்கரத்தையும் ஒரு மாதத்தில் அரைத்துத் தின்றுவிடும். அதனால் கதவுச் சட்டத்துக்குள், அடைத்த உறைகளில், உயிருள்ள தசைகளை வளர்த்திருக்கிறோம். தாழை உள்ளே தள்ளி இறுக்க ஒன்று, வெளியே இழுக்க ஒன்று. முழங்கையை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை இருக்கிறதே, அது மாதிரி. என் தொடையில் எடுத்த ஒரு துணுக்கிலிருந்து வளர்ந்தவை இவை.

நிலையத்தில் நாங்கள் இருவர். மற்றவன் பெவின், பொறியாளன், குளச்சல்காரன். என்னைவிடப் பதினோரு வயது இளையவன். தினமும் காலையில் கதவைத் தட்டிக் குசலம் விசாரிப்பான். "எக்கா, ஒங்களுக்க தொடைக்கு இன்னைக்கு சுகந்தானா?" என்பான். பதில் சொல்லாவிட்டால் கதவிடமே கேட்பான்.

இன்று பட்டறையில் வண்டிச் சக்கரம் மாற்றுகிறான். மதியம் புளிக்கறி வைப்பதாக வாக்கு.

நாள் 141. காலை 09:50
நிலநடுக்கம். இவ்வளவு பெரியதை நான் இங்கே உணர்ந்ததில்லை. அலமாரிகள் சரிந்தன. எனக்கு நெற்றியில் சிராய்ப்பு மட்டும்.

பட்டறைக் கூரையில் விரிசல். காற்று வெளியேறுகிறது. அபாய மணி அடித்ததும் பட்டறையின் ஏழாம் கதவு தானாக மூடி, நான்கு தாழ்களும் இறுகிவிட்டன. அப்படித்தான் வடிவமைத்தோம். பெவின் அந்தப் பக்கம். அவனுடைய விண்வெளி உடை இந்தப் பக்கம், என் எதிரே கொக்கியில் தொங்குகிறது.

அவனுக்குக் காயமில்லை. பேச்சுக்கருவி வேலை செய்கிறது.

"பயப்படாதீங்கக்கா. தகடு வச்சு பசை அப்பியாச்சு. காத்து போறது கொறஞ்சிருக்கு, ஆனா நிக்கல. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் தாங்கும்."

நாள் 141. காலை 10:35
ஏழாம் கதவு திறக்கவில்லை.

நடுக்கத்தில் அதன் உணவுக் குழாய் பாறைக்குள் எங்கோ அறுந்துவிட்டது. தசைகள் பட்டினி. வெளியே இழுக்கும் தசைக்கு ஆணை போகிறது, அது துடிக்கவும் செய்கிறது. ஆனால் இறுக்கிப் பிடித்திருக்கும் தசை விடவில்லை. தாழை உள்ளே வைத்துக்கொண்டு விறைக்கத் தொடங்கிவிட்டது.

பெவின் கேட்டான்: "பட்டினின்னா பலம் போயி விட்டுரணும் இல்லியா? இது என்ன, பட்டினியில புடி முறுகுது?"

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். தசை நாருக்குள் தடித்த இழை, மெல்லிய இழை என்று இரண்டு. தடித்த இழையில் எண்ணற்ற நுண்கைகள். நரம்பு உசுப்பினால் நாருக்குள் கால்சியம் பரவும். அது பட்டதும் மெல்லிய இழையின் மறைப்பு விலகும். கைகள் அதைப் பற்றி இழுக்கும், விடும், மறுபடி பற்றும். இப்படித்தான் தசை சுருங்குகிறது. கண் இமைப்பதும் மலை ஏறுவதும் இதனால்தான். ஆனால் பற்றிய கை விட வேண்டுமானால், செல் தயாரிக்கும் ஆற்றல் மூலக்கூறு ஒன்று வந்து அதில் ஒட்ட வேண்டும். அது தீர்ந்துபோனால் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிடும். பிணம் விறைப்பது இப்படித்தான்.

அவன், "கரையில நின்னு கரமடி வலை இழுக்கிற மாரியில்லா இருக்கு. ஒரு கைய விட்டாத்தான் அடுத்த புடி புடிக்க முடியும். விட முடியலேன்னா கயித்தோட அப்படியே நிக்க வேண்டியதுதான்" என்றான்.

அதேதான்.

நாள் 141. காலை 11:50
அவன் பக்கத்திலிருந்து சட்டத்தை அறுத்துப் பார்த்தான். வட்டத்தகடுகள் எல்லாம் தேய்ந்து தீர்ந்தன. சட்டம் நான்கு விரல்கடை கனம், டைட்டானியம். பாதிகூட வரவில்லை. அந்த வேலையில் அவன் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இனி அசையாமல் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்திருக்கும் உடம்பு குறைவாகவே ஆக்சிஜன் கேட்கும்.

என் பக்கத்தில் சட்டத்துக்குள் போக ஒரே வழி, சுண்டுவிரல் பருமனுள்ள உணவு வாயும் அதன் கழிவு வாயும். கத்தி போகாது. திரவம் போகும். செல்கள் இன்னும் சாகவில்லை. ஊட்டினால் விடும்.

நாள் 141. மதியம் 13:10
மருத்துவ அறையிலிருந்த குளுக்கோஸ் பாட்டில்கள் அத்தனையையும் சூடாக்கி, ஆக்சிஜன் குமிழ்விட்டு, கையால் அழுத்தி ஏற்றினேன். முதல் தாழ் விட்டது. அரை மணி கழித்து இரண்டாவது.

பெவின் உள்ளேயிருந்து விசிலடித்தான். விசிலடிக்காதே, மூச்சை வீணாக்காதே என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அவனுக்குக் கேட்டிருக்காது.

கீழ்த்தாழ்கள் இரண்டும் அசையவில்லை. தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் அவற்றுக்குப் போதாது. பாட்டிலும் தீர்ந்தது. மற்றக் கதவுகளின் திரவமும் அதே தண்ணீர்தான். அதுவும் பாதிக்கு மேல் குழாய் வழியே பாறையில் வடிந்துவிட்டது.

ஆக்சிஜனை அள்ளிச் சுமக்க ஒன்று இருக்கிறது. என்னிடம் ஐந்து லிட்டர் அளவில் இருக்கிறது. தசையும் என்னுடையது. ஒவ்வாமை வராது.

நாள் 141. மதியம் 13:55
தரைக்கட்டுப்பாட்டோடு ஒன்பது நிமிடம் தொடர்பு கிடைத்தது. மருத்துவர் நூருன்னிசா பேசினார். திட்டத்தைச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே பதிகிறேன்:

"செண்பகா, ரத்தம் கொடுக்கிறது இல்ல பிரச்சன. திரும்பி வர்ற ரத்தம்தான். நாலு மணி நேரமா பட்டினி கிடந்த தசை. அதுல இருந்து பொட்டாசியம் மொத்தமா வெளிய வரும். அது உங்க நெஞ்சுக்குப் போச்சுன்னா இதயம் நின்னுடும். கட்டிடம் இடிஞ்சு மாட்டினவங்கள வெளிய எடுத்த உடனே சாகுறாங்களே, அதே கதை. திரும்ப எடுக்காதீங்க."

திரும்ப எடுக்காவிட்டால் ரத்தம் பூராவும் தரையில்தான் போகும், தாழ் விடும் முன்பே நான் மயங்கிவிடுவேன் என்றேன்.

பிறகு அவர்: "முதல் முக்கால் லிட்டர வெளிய விட்டுடுங்க. விஷத்துல பாதி அதுல போயிடும். அப்புறம் திருப்புங்க. கால்சியம் ஊசி எத்தன இருக்கு?"

இரண்டு.

"நெஞ்சு தடுமாறுற மாதிரி இருந்தா ஒண்ணு போடுங்க. இதயத்த அது கொஞ்ச நேரம் காப்பாத்தும். ரெண்டாவது... செண்பகா, நான் இதச் செய்யுங்கன்னு சொல்லல. உங்களுக்குப் புரியுதா? நான் சொல்ல"

தொடர்பு போய்விட்டது. செய்தி கடத்தும் துணைக்கோள் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மாலை ஐந்துக்குப் பிறகுதான் மறுபடி ஏறும்.

நாள் 141. மதியம் 14:30
பெவினிடம் மறைக்கலாம் என்றிருந்தேன். உரையாடல் அவன் கருவியிலும் கேட்டிருக்கிறது.

"செய்யாண்டாம்க்கா."

"பேசாம இருடே."

"எனக்க அம்மைகிட்ட நான் என்ன சொல்லுவேன்? எனக்காக அக்கா செத்துட்டாங்கன்னா? இங்கேயே இருந்துருதேன். தூக்கம் மாரி வரும்னு படிச்சிருக்கேன்."

"அது தூக்கம் மாதிரியெல்லாம் வராது. எனக்குத் தெரியும்ப்பா. நான் இதைத்தான் படிச்சேன்."

"அப்ப ஒங்களுக்கு வரப்போறது என்ன மாரி வரும்?"

குழாய்களைக் கொதிநீரில் போட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த உடையை அவன் காலையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் என்று ஐம்பது முறை நினைத்துவிட்டேன். அவன் இல்லாத நிலையத்தில் மீட்புக் கலம் வரும்வரை நான் இருப்பதையும் நினைத்துப் பார்த்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

நாள் 141. மதியம் 15:25
இனி குரல் பதிவு. வலக்கை கட்டப்பட்டிருக்கிறது.

மணிக்கட்டுத் தமனியில் ஊசி ஏற மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. இப்போது ஓடுகிறது. பம்ப் தேவையில்லை. இதயமே தள்ளுகிறது. அதுவும் தசைதான். ஒரு நாள்கூட ஓய்வு கேட்காத வகை.

கழிவு வாயிலிருந்து வருவது கருஞ்சிவப்பு. வாளியில் விடுகிறேன்.

நாள் 141. மதியம் 15:50
முக்கால் லிட்டர் போயிற்று. தலை லேசாகச் சுற்றுகிறது. திரும்பு குழாயை இடக்கைச் சிரையில் இணைத்தேன். பல்லால் கட்டினேன்.

மூன்றாவது தாழ் விட்டது. சத்தம் கேட்டது. பெவினும் கேட்டிருக்கிறான்.

"மூணு போச்சுக்கா! கேட்டியளா?"

அவன் குரல் மெலிந்திருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு.

நாள் 141. மாலை 16:15
உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருக்கிறது. தொடைகள் கனக்கின்றன. தூக்கப் பார்த்தேன், வரவில்லை. பொட்டாசியம் மிகுந்தால் நரம்பு சொல்வது தசைக்கு ஏறாது.

நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. பிறகு இரண்டை.

முதல் ஊசி போட்டேன். சூடாகப் பரவியது. துடிப்பு நேரானது.

நான்காவது நகரவில்லை. கீழ்மூலையில் இருக்கிறது. காலையில் சோம்பலாக இருந்தது அதுவாகத்தான் இருக்கும். அப்போதே பார்த்திருந்தால். அப்போதே

நாள் 141. மாலை 16:35
பெவின் பதில் சொல்லவில்லை. கதவில் தட்டச் சொன்னேன். தட்டினான். ஒரு தடவை.

குழாயைப் பிடுங்கிவிடலாம். இப்போது பிடுங்கினால் நான் பிழைப்பேன். கை பக்கத்தில்தான் இருக்கிறது.

பிடுங்கவில்லை.

தம்பி. மெதுவா. மெதுவா மூச்சு விடு. விடுது. தாழ் ஆடுது. நான் பாக்கறேன். ஆடுது.

நாள் 141. மாலை 16:48
இரண்டாவது ஊசி. மூடி திறக்க விரல் மடங்கல. விரலு

நாலு. நாலும் விட்டாச்சு. பெவின் கதவத் தள்ளு. என்னால எந்திரிக்க. தள்ளுப்பா. தள்ளு

நாள் 141. மாலை 17:00
குரல் பதிவு. பேசுபவர்: பெவின்.

பெவின் பேசுதேன். யாராவது கேக்கியளா? கதவு தொறந்து நான் தவழ்ந்து வந்தேன். இந்தப் பக்கத்துக் காத்தும் அங்க இழுக்க ஆரம்பிச்சுட்டு. மூடுத பொத்தான அமுக்கினேன். மூடிட்டு. அக்காக்க ரத்தம் உள்ள நெறஞ்சு கெடக்கு, அந்த பலத்துல மூடிட்டு. குழாய கழத்தி கட்டு போட்டாச்சு.

நாடி இல்ல. ரெண்டாவது ஊசி அவங்க கையிலயே இருந்துது, ஒடைக்காம. நான் போட்டேன். அதிர்ச்சி குடுக்குத மெசின வச்சேன். அதிர்ச்சி தேவையில்லேன்னு சொல்லுது. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லுது. நெஞ்சு முழுசா நின்னா அப்படித்தான் சொல்லுமாம்.

அமுக்குதேன். அமுக்கிட்டேதான் பேசுதேன்.

நாள் 141. மாலை 17:45
பூமியில இருந்து டாக்டரம்மா பேசினாங்க. "பெவின், முக்கால் மணி நேரம் ஆச்சுப்பா. நீ செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சுட்ட. நிறுத்தலாம்" அப்படின்னு சொன்னாங்க. அவங்களும் அழுதாங்க.

எக்கா, நீங்க கேக்கியளான்னு தெரியல. நான் அமுக்குத வரைக்கும் ஒங்க ரத்தம் ஓடிட்டுதான் இருக்கு. விரல் நுனி இன்னும் செவப்பாத்தான் இருக்கு. நான் கைய எடுத்தா அந்த நிமிசம்தான் நீங்க செத்த நேரம்னு இதுல எழுதிப்போடுவாங்க. எனக்கு அத எழுத முடியாது.

தோள்பட்ட வெறச்சுட்டு. கை எனக்க கை மாரியே இல்ல.

எடுக்க மாட்டேன்க்கா. எடுக்க மாட்டே