டீக்கடைக் காட்சி

ராயபுரம்
9.2.2025

அன்புள்ள ஜெபசிங்குக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். எழுபது தாண்டிப் பேனா பிடித்தவன். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. 'அன்புள்ள' என்று முதியோர் வகுப்பு ஃப்ளோரன்ஸ் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி போட்டிருக்கிறேன். அதை நம்பிவிடாதே. போனிலேயே திட்டியிருப்பேன், ஒரே அறை வீடு, மங்கை காதில் விழும்.

கோயில் சுவரில் உன் நோட்டீஸை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'சிரிப்பு நாடகம், எழுதியவர் ஜெபசிங்.' யாரையும் கேட்காமல் நான் படித்த முதல் நோட்டீஸ். துறைமுகத்தில் நான் மூட்டை தூக்க நீ கணக்கு எழுதிய காலத்தில் உன் பேரை நான் படித்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் என் பெண்டாட்டி மங்கையையும் மகள் பூவம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மேடையில் என்ன பார்த்தேன்? நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற ஒரு மூட்டைக்காரன். வீட்டில் அவன் பெண்டாட்டியோடு வேறொருத்தன். கூட வரும் சிநேகிதன் தெருமுனை டீக்கடையில் இவனைப் பிடித்து உட்கார வைக்கிறான். "இன்னொரு டீ சாப்டு மாமு." இவன் குடிக்கிறான். அந்த ஆள் லுங்கியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடுகிறான். அடுத்த நாளும் டீ, அடுத்த நாளும் ஓட்டம். ஹாலே உருண்டது. பூவம்மா என் தோளில் சாய்ந்து சிரித்து, "இன்னா நைனா, இப்டியும் ஒரு லூசு இருப்பானா" என்று கேட்டாள்.

அது நாம் உட்கார்ந்த டீக்கடை, ஜெபசிங். அது என் வீடு.

அடுத்த மாதம் திருவொற்றியூரில் மறுபடி போடுகிறாயாம். மாமனார் மாமியாரையும் அழைத்துப் போவேன் என்கிறாள் பூவம்மா. நிறுத்து.

மண்ணாங்கட்டி
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)


மணலி புதுநகர்
15.2.2025

பிரியமுள்ள மண்ணாங்கட்டி,

உன் கையால் எழுதி வந்த கடிதம். பிரிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

பேரை மாற்றினேன், தெருவை மாற்றினேன். உனக்குப் பிடிபடாது என்று நினைத்தது என் தப்புதான். ஆனால் அன்றைக்கு நான் செய்ததையும் யோசித்துப் பார். மூட்டையைக் குத்தித் தூக்கும் கொக்கி உன் தோளில் தொங்கும். அதோடு நீ வீட்டுக்குள் நுழைந்தால் கொலை விழும் என்று எனக்குப் பயம். உன்னை உட்கார வைக்க எனக்குத் தெரிந்த வழி டீதான். இத்தனை வருஷம் உனக்குத் தெரியாமல் காப்பாற்றியிருக்கிறேன். அதை நீ நினைக்கவே மாட்டாயா?

ஹால் பேசியாகிவிட்டது, ஒத்திகை நடக்கிறது. வேறு எந்தக் காட்சியைச் சொன்னாலும் வெட்டுகிறேன். டீக்கடையை வெட்டினால் நாடகமே இல்லை. ஜனங்கள் சிரிப்பது அங்கேதான்.

உங்கள் இருவருக்கும் கர்த்தர் சமாதானம் தரட்டும்.

உன்
ஜெபசிங்


ராயபுரம்
23.2.2025

ஜெபசிங்குக்கு,

இந்த முறை 'அன்புள்ள' இல்லை. டீச்சரைக் கேட்டுவிட்டேன், போடாமலும் எழுதலாமாம். கையெழுத்து போன தடவையைவிட மோசம், கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது.

எனக்குத் தெரியாது என்று உனக்கு யார் சொன்னது? அவன் பெரம்பூர் ஒர்க் ஷாப் ஆள். எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்த நாளிலிருந்து கொக்கியை ஷெட்டிலேயே மாட்டிவிட்டு வந்தேன், என்னை நம்ப எனக்கே பயமாக இருந்தது. பக்கத்திலேயே நடந்து வந்தாய், என் தோள் வெறுந்தோள் என்று நீ பார்க்கவேயில்லை. நீ 'இன்னொரு டீ' என்றபோதெல்லாம் நான் குடித்தது உன் சாமர்த்தியத்தால் அல்ல. எனக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நீயும் எல்லாம் தெரிந்து, ஒன்றும் கேட்காமல், எனக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு லூசுப் பயலோடு உட்கார்ந்திருந்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

பிறகு அந்த ஆள் வருவது நின்றது. மங்கை அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியே குடும்பம் நடத்தினோம். பூவம்மா அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

உன் ஹாலில் அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று நானும் சிரித்தேன். உரக்கச் சிரித்தேன். இந்தப் பக்கம் மங்கை உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஊரு சிரிச்சுது, சரி. நீயும் சிரிச்சியே." அன்றிலிருந்து தட்டு வைக்கிறாள், பேச்சில்லை.

அந்த விஷயத்தில் நான் அவளை ஒரு சொல் சொன்னதில்லை, ஜெபசிங். அத்தனை பேர் நடுவில் என்னைச் சிரிக்க வைத்துவிட்டாய்.

டீக்கடையை வெட்டு. நாடகம் செத்தால் சாகட்டும். திருவொற்றியூரில் அந்தக் காட்சி நடந்தால் நம் தோஸ்து அதோடு சரி.

இந்த இடத்தில் மங்கை பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படி என்று அவள் சொல்லவில்லை, நானே மேலிருந்து படித்துக் காட்டினேன். நடுநடுவே திக்கினேன். அவள் காத்திருந்தாள். முடித்ததும் எதிரே உட்கார்ந்து, "இத்த என்னாண்ட சொல்லாம உன் தோஸ்துக்கு எயுதிகினு கீறியே" என்றாள்.

நியாயம்தான். பேனாவை மூடிவிட்டு அவளிடம் பேசப் போகிறேன். உன் மேல் உள்ள கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. மீதித் திட்டு வருகிற வாரம் தபாலில் வரும்.

மண்ணாங்கட்டி