இலை மறைத்த ஆப்பிள்

அன்புள்ள அப்பாவுக்கு யசுஹிகோ வணங்கி எழுதுவது. தோக்கியோவில் இப்போதுதான் குளிர் தொடங்கியிருக்கிறது. அங்கே இவாக்கி மலை பனியில் வெளுத்திருக்கும். அம்மாவின் இருமல் நின்றதா?

நேற்று பழச்சந்தையில் ஒரு வேடிக்கை. ஏலத்துக்கு முன் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த முதலாளி ஹிராயாமா ஓர் ஆப்பிளைத் தூக்கிக் காட்டினார். சிவந்த தோலில் இலை வடிவில் ஒரு வெளுப்பு.

"யாருய்யா இதைக் கன்னத்துல அறைஞ்சது? முதல் தரத்துல சேராது. பாதி விலைக்குத் தள்ளு."

"வெயிலை இலை மறைச்சிருக்குங்க. எங்கப்பா தோட்டத்துப் பழம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அறுவடைக்கு முன் நீங்கள் ஏணியில் நின்று, பழத்தை மறைக்கும் இலைகளைக் கிள்ளுவீர்கள். நானும் அக்காவும், வெயிலைப் பழத்தின் அடிப்பக்கம் திருப்ப மரத்தடியில் விரித்த வெள்ளித்தாளில் சறுக்குவோம். "டேய், தாளைக் கிழிச்சிடாதே! அடிப்பக்கம் சிவக்கலைன்னா எவன்டா வாங்குவான்?" என்று கத்திக்கொண்டே, கிள்ளிய இலைகளை எங்கள் தலையில் கொட்டுவீர்கள். அந்தப் பச்சை வாசனை இங்கே எந்தப் பெட்டியிலும் வருவதில்லை.

அந்தப் பழத்தை நானே வாங்கி, வெளுத்த பக்கத்திலிருந்து கடித்தேன். இனிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் கைக்கு ஓர் இலையும் தப்பியதில்லையே, அப்பா. இந்த வருடம் உச்சிக் கிளைக்கு நீங்கள் ஏறவில்லை என்று புரிந்துவிட்டது. முழங்காலைப் பற்றிக் கேட்டால் "கல்லு மாதிரி உறுதியா இருக்கு" என்பீர்கள். கேட்கவில்லை.

அம்மாவிடம் கொஞ்சம் முள்ளங்கி ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்கள். என் பழைய ரப்பர் பூட்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த வருடம் இலை கிள்ளும் சமயத்துக்கு இப்போதே லீவு சொல்லிவிட்டேன்.

லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். நீங்கள் கீழே நின்று கத்தினால் போதும். ஏணியில் நான் ஏறிக்கொள்கிறேன்.

யசுஹிகோ