குரங்கு வந்தாலும் முதலில் லாக்

ஜனவரி 6, திங்கள்

கரடியூரில் நெட் எங்கள் வீட்டுக்குள் நுழையாது. காப்பிக் களத்தோடு நின்றுவிடும். அதனால் சுஜாதா அக்காவின் ஆபீஸ், காய்கிற காப்பிக்கு நடுவே ஒரு மேசை. நோயாளிகளின் இன்சூரன்ஸ் பேப்பர்களைச் சரிபார்க்கும் வேலை. கொய்யா மரத்தில் குரங்கு குதித்தால் மேடம் குச்சியோடு ஓட்டம். லேப்டாப் அப்படியே திறந்தபடி! தாழ் போடாத கோழிக்கூடும் லாக் போடாத லேப்டாப்பும் எனக்கு அழைப்பிதழ். ஆபீஸ் குரூப்பில் அக்கா பேரில் தட்டிவிட்டேன்: “எனக்குக் கல்யாணம்! மாப்பிள்ளை மரத்தில் இருக்கிறார்.”

ஜனவரி 7

சிரிப்பெல்லாம் போச்சு. ஆபீஸில் தகவல் பாதுகாப்பு பார்க்கும் மேக்ஸ்வெல் சார் அக்காவை அழைத்தார். “வேற ஆள் கை வெச்சிருக்காங்க. நோயாளிங்க விவரத்தையும் பாத்திருந்தா? திங்கக்கிழமை வீடியோல வந்து நீங்க வேலை செய்யற இடத்தைப் பாக்கறேன். சரியில்லேன்னா நீங்க சென்னை ஆபீஸுக்கு வந்துடணும்.”

அக்கா திட்டவே இல்லை. அதுதான் பயமா இருக்கு. ஏன்டி அப்படிப் பண்ணுனன்னு என்னையே கேட்டுக்கிட்டேன். அக்கா போயிட்டா நான் யாரை வம்புக்கு இழுக்கிறது?

ஜனவரி 8

மன்னிப்புக் கேட்டேன்.

“குரங்கைப் பாத்தா கால் தானா ஓடுதுடி. நான் என்ன பண்ண?”

“ஓடட்டும்க்கா. மொதல்ல விரல் ஓடட்டும்.”

பயிற்சி ஆரம்பம். குரங்கு – நானே! மரத்தை உலுக்குவேன். அக்கா லாக் பண்ணிவிட்டுத்தான் எழ வேண்டும். மறந்தால் என் பங்குப் பாத்திரத்தையும் அவளே தேய்க்க வேண்டும்.

ஜனவரி 10

நாற்பது தடவை குதித்தேன். மூன்று தடவைதான் மறந்தாள்! அம்மா அப்பாவிடம், “ஏனுங்க, இவ மரத்து மேலயே கெடக்கறா. நொம்பப் பயமா இருக்குதுங்க.”

ஜனவரி 13, திங்கள்

ஜெயிச்சாச்சு!! அக்காவின் போனைப் பிடித்து மேக்ஸ்வெல் சாருக்குக் களத்தைக் காட்டினேன். அப்போது பார்த்து நிஜக் குரங்கே வந்தது. அக்காவுக்கு விரல் முதலில், கால் பிறகு! இன்னொரு குரங்கு மேசையேறிக் கீபோர்டில் உட்கார்ந்து டமடமவென்று தட்டியது. திரையில்: பாஸ்வேர்டு தவறு. பாஸ்வேர்டு தவறு.

சார் குலுங்கிச் சிரித்தார். “நீங்க வீட்லயே இருங்க சுஜாதா. ஆமா, அன்னைக்கு கல்யாணம்னு போட்ட குரங்கு எது?”

“அது போனைப் பிடிச்சிருக்குதுங்க சார்.”

போனைச் சட்டென்று கொய்யா மரத்துப் பக்கம் திருப்பினேன்.

ஜனவரி 16

இந்த டைரி நோட்டை மேசையில் விட்டுவிட்டுக் குரங்கு விரட்டப் போனேன். திரும்பினால் அக்கா கையெழுத்து: “லாக் பண்ணலியா கண்ணு? எல்லாம் படிச்சாச்சு.”

ஏழாம் தேதியில், ‘அக்கா போயிட்டா’ என்ற கடைசி வரியின் கீழே மட்டும் ஒரு கோடு போட்டிருக்கிறாள்.