வெள்ளையடித்த வீடு

செவ்வாய்க்கிழமை, அரிமளம்.

உதவி இயக்குநராகி இன்று நான்காம் நாள். எங்களுடையது யதார்த்தப் படம். அதனால் காரை உதிர்ந்த சுவர் வேண்டியிருந்தது. ஊர் ஊராக அலைந்து, கடைசியில் மல்லிகாக்காவின் வீட்டைக் கண்டுபிடித்தோம். நேற்று கிளம்பும்போது, மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நாளைக்கு எல்லாரும் வருவாங்க, வீட்டைச் சுத்தமா வச்சிருங்கக்கா" என்றேன்.

காலையில் போனால் சுவர் முழுக்க வெள்ளையடித்திருந்தார். ஈரம்கூடக் காயவில்லை. ஷூட்டிங் பார்க்க ஆவூரிலிருந்து அவர் தங்கை குடும்பம் வேறு புதுத்துணியில் வந்திருந்தது.

"யாருய்யா வெள்ளையடிக்கச் சொன்னது?" என்று இயக்குநர் கத்தினார்.

நான் குறிப்பேட்டைக் கவனமாகப் புரட்டினேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"யாரும் சொல்லலீங்க, நானாத்தான் அடிச்சேன்" என்றார் மல்லிகாக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பிகூட அப்படியே இருக்கட்டும்னுதான் சொல்லுச்சு."

வேறு வீடு தேடக் கிளம்பினோம். "அப்ப ஒன் வீடு படத்துல வராதாக்கா?" என்று தங்கை கேட்டது வேன்வரை கேட்டது.

வேனில் இயக்குநர் என் தோளைத் தட்டினார். "நீ சரியாத்தான் சொல்லியிருக்க. இந்தச் சனங்களுக்கு எங்க புரியுது?"

"ஆமா சார்" என்றேன்.